அப்புறம் சொல்றேன்

ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் அக்கா தன் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்தாள். ஏதோ வீடியோ பார்க்கப் போகிறாள் என்று நினைத்தோம்.

அக்காவுக்கு இருபத்தாறு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. பதினாறு வருஷமாகிறது. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் இடத்தில் வேலை. மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, ஈறுக்கு நிறம் கூட்டி அவள் அனுப்பும் செட்டைத் திருப்பி அனுப்பிய டாக்டர் கிடையாது. அவளைத் தேடி வரும் அழைப்பெல்லாம் அண்ணனின் போனுக்குத்தான் வரும். நேருக்கு நேர் பேசினால் உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வாள். ஆனால் அண்ணன், அண்ணி, நான், என் கணவர் என்று நாலு வாய்கள் மென்றுகொண்டே பேசும்போது எந்த உதட்டைப் பார்ப்பாள்? எல்லோரும் சிரிக்கையில் என் கையைத் தொடுவாள். "ஒண்ணுமில்லக்கா, அப்புறம் சொல்றேன்" என்பேன். அந்த அப்புறம் வந்ததே இல்லை. எனக்குச் சோம்பல். வேறு காரணம் சொன்னால் பொய்.

அன்று அண்ணன்தான் ஆரம்பித்தார். "பல் மருத்துவக் கல்லூரியிலேருந்து ஒரு மேடம் பேசினாங்க. பசங்களுக்குப் பல்செட் செய்யக் கத்துக்கொடுக்க இவ வரணுமாம்."

"நல்ல விஷயமாச்சே!" என்றாள் அண்ணி.

"என்ன நல்ல விஷயம்? பசங்க கேள்வி கேட்டா இவ முழிச்சிக்கிட்டு நிக்கணுமா? வேண்டாம்னு சொல்லிட்டேன். இவகிட்ட எதுக்குச் சொல்லணும், பாவம்."

அக்கா என் கையைத் தொடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அண்ணன் பேசியதெல்லாம் திரையில் எழுத்தாக ஏறியிருந்தது. பல்செட்டைப் 'பால் சட்டி' என்று போட்டிருந்தது. மற்றபடி 'பாவம்' வரை ஒரு வார்த்தை பிசகவில்லை.

"யாரைக் கேட்டு வேண்டாம்னு சொன்னீங்கண்ணா?" அக்கா நிமிர்ந்து கேட்டாள்.

அண்ணியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அண்ணன் என்னை முறைத்தார். "நீயா சொன்னே?"

அதுவும் திரையில் ஏறியது. "அவ என்னைக்குச் சொல்லியிருக்கா?" என்றாள் அக்கா. எனக்குச் சுருக்கென்றது. "அந்த மேடத்துக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

"உன் நல்லதுக்குத்தாம்மா..."

"படிச்சேன். போடுங்க."

போட்டார். அக்கா தன் போனை அதன் பக்கத்தில் நகர்த்தினாள். "பல்செட் செய்யறவ பேசறேன். அண்ணன் என்னைக் கேக்காம சொல்லிட்டார். எனக்குக் காது கேக்காது. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. பத்து வருஷமா நீங்க செஞ்ச செட்டைத்தான் எங்கிட்ட வர்றவங்களுக்கு மாட்டறேன். எப்ப வர்றீங்க?"

எழுத்து வர ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடி நாங்கள் நாலு பேரும் கேட்டதை வாயில் அடக்கிக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்த்தோம். அவள் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"நாளைக்கே வர்றேன்."

அழைப்பு முடிந்ததும் வீடே கூச்சலானது. அண்ணி சிரிக்கிறாள், அண்ணன் சமாதானம் சொல்கிறார், என் கணவர் ஏதோ யோசனை சொல்கிறார், நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிறேன். எல்லாம் ஒன்றோடொன்று முட்டி, யார் சொன்னது எதுவென்று தெரியாமல் வரிவரியாக மேலே ஓடியது. அக்கா கையை உயர்த்தினாள்.

"ஒவ்வொருத்தரா!"

வாயை மூடிக்கொண்டோம். திரை அடங்கியது. அவள் எங்கள் முகங்களை இடமிருந்து வலமாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அண்ணியின் பக்கம் விரலை நீட்டினாள்.

"முதல்ல நீங்க."