தண்ணீர்ப் பை

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இன்று வியாழன், காலை ஏழரை. அடுத்தமாசம் குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, தன் வயிற்றில் ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்தமாசம் என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். வண்டி ஓட்ட உரிமம் கேட்டு வருகிறவர்களுக்குத் தேர்வு வைப்பது அவர் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பியவர், பின்னால் எடுக்கும்போது கோட்டைத் தொட்டவர் எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "அடுத்த மாசம் வாங்க." அவருடைய வியாதியிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. சிறுநீர்ப்பையில் புற்றுநோய். மருந்து ஏற்றி முடித்தாயிற்று. இனி மூன்று வாரத்துக்குள் சிறுநீர்ப்பையை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

முதலாமவர் பெரிய டாக்டர். கண்ணாடி மாளிகை மாதிரி ஆஸ்பத்திரி, வாசலில் நாலு பேர் வணக்கம் சொன்னார்கள். மனைவிதான் விசாரித்துக் கண்டுபிடித்தாள். பெரிய டாக்டர் ஆறு நிமிஷம் பேசினார். குடலிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புது சிறுநீர்ப்பை தைத்து உள்ளேயே வைத்துவிடுவார். வழக்கமான வழியிலேயே போகலாம், வெளியே ஒன்றும் தெரியாது. "என்கிட்ட வந்தவங்க யாரும் பையோட வீட்டுக்குப் போனதில்ல" என்றார், கணினித் திரையைப் பார்த்தபடியே. செவ்வாய்க்கிழமை ஒரு இடம் காலியாக இருக்கிறது, வெள்ளி மதியத்துக்குள் சொல்லாவிட்டால் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

இரண்டாமவர் டாக்டரம்மா. பொது ஆஸ்பத்திரியில் மின்விசிறி சத்தம் போடும் அறை. அவர் கணவன் மனைவி இரண்டு பேரையும் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். என்ன வேலை, எத்தனை மணி நேரம் உட்காருவீர்கள், இரவில் எப்படித் தூங்குவீர்கள் என்று துருவினார். அவரும் புது சிறுநீர்ப்பை வைப்பார். ஆனால் அதற்கு வேளை வந்துவிட்டது என்று சொல்லத் தெரியாது, மூன்று மணிக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்துப் போக வேண்டும், மாதக்கணக்கில் இரவிலும் அலாரம் வைத்து எழுந்தாக வேண்டும், அப்படியும் சிலருக்குத் தூக்கத்தில் கசியும், சிலர் தாங்களே குழாய் விட்டு எடுக்க வேண்டிவரும் என்றார். தன்னிடம் வந்தவர்களில் ஒருவருக்குத் தையல் விட்டுப்போய் மறுபடி திறந்ததையும் ஒளிக்கவில்லை. இன்னொரு வழி, வயிற்றில் சின்ன வாய் வைத்து, வெளியே ஒரு பையை ஒட்டிக்கொள்வது. எளிய அறுவை, ஆனால் பை ஆயுசுக்கும் கூடவே இருக்கும். "எது உங்களுக்கு ஒத்துவரும்னு நீங்கதான் சொல்லணும். ஒரு நாள் பையில தண்ணி ஊத்திக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போய்ட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

முடிவெடுக்கத் தெரியாத டாக்டர் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. மிதப்பாக ஸ்டியரிங் பிடிக்கிறவன்தான் முதல் திருப்பத்தில் கோட்டை விடுவான் என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கும் மனிதர், டாக்டர் விஷயத்தில் மட்டும் அதை வசதியாக மறந்துவிட்டார். பயந்தால் யாருக்கும் அப்படித்தான்.

டாக்டரம்மாவின் நர்ஸ் அவரை உட்காரச் சொல்லி, குனியச் சொல்லி, நிற்கச் சொல்லி, தொப்புளுக்கு வலது பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, ஒரு பையையும் கொடுத்து அனுப்பியிருந்தாள். குளியலறைக் கண்ணாடியில் பார்த்தால் அந்த இடம் ரொம்ப மேலே தெரிந்தது. சட்டை உப்பும், யாராவது கேட்பார்கள். நாலு விரல் கீழே, பேண்டுக்குள் மறைகிற மாதிரி ஒட்டினார். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி மூடினார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. அவள் ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவள், விடியுமுன்பே கிளம்பிப் போயிருந்தாள்.

பதினோரு மணிவரை பை இருந்த இடத்தில் இருந்தது. நாலு பேருக்குத் தேர்வு வைத்தார், நாலு பேரையும் திருப்பி அனுப்பினார். நடக்கும்போது கனமாக ஆடியது. ஒவ்வொரு முறை காரில் ஏறும்போதும் சீட் பெல்ட்டைப் பையின் மேல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவதாக வந்தவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண்மணி. இது அவருக்கு நாலாவது முயற்சி. முந்தைய மூன்றிலும் இவர் கையால் தோற்றவர்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பெண்மணி பிரேக்கை அழுத்தினார். அழுத்த வேண்டிய அளவுக்குத்தான் அழுத்தினார், குற்றம் சொல்ல முடியாது. பெல்ட் இவர் கையிலிருந்து நழுவி அடிவயிற்றை இறுக்கியது. ஏதோ பிய்ந்துகொண்டது. தொடை நனைந்தது, பிறகு இருக்கை, பிறகு காலணிக்குள்ளும் இறங்கியது.

பெண்மணி ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"சார், ஓரமா நிறுத்தட்டுமா?"

"நேராப் போங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "இது வெறும் தண்ணி" என்றார்.

"ஆமா சார்."

அந்த 'ஆமா சார்' அவரைக் கொன்றே போட்டது. படுக்கையை நனைத்த பிள்ளையிடம் சொல்லும் குரல் அது. பெண்மணி அதற்குமேல் கண்ணாடியையும் சாலையையும் தவிர எதையும் பார்க்கவில்லை. பின்னால் எடுத்தார், நிறுத்தினார், எதிலும் பிசகு இல்லை. இவர் பாஸ் என்று எழுதிக் கொடுத்தார். பெண்மணி இறங்கிக் கதவை மெல்லச் சாத்திவிட்டு, வரிசையில் நின்றவர்களிடம் போய், சார் ஏதோ எழுதுகிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி அவர்களை அங்கேயே நிறுத்தி வைத்தார். அடுத்தமாசம் ஒருத்தரைப் பாஸ் பண்ணிவிட்டாராம் என்று வரிசை பூராவும் ஒரே பேச்சு.

அவர் அந்த ஈர இருக்கையில் உட்கார்ந்தபடியே கண்ணாடி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். செவ்வாய்க்கிழமைக்குச் சம்மதம், புது சிறுநீர்ப்பைதான், பெரிய டாக்டர்தான். நாளைக் காலை பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று இனிமையான குரல் ஒன்று சொன்னது. உயிர் போய் உயிர் வந்தது போல இருந்தது அவருக்கு. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கோப்பு ஒன்றை முன்னால் பிடித்து மறைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். பேண்டைத் துவைத்துக் காயப்போட்டார்.

மனைவி வழக்கத்தைவிடத் தாமதமாக, ஐந்தரைக்கு வந்தாள். முகம் கழுவிவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். கண்டுபிடித்துக் கொடுத்தவளே அவள்தான், முகம் மலரும் என்று எதிர்பார்த்தார். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏன் அவசரப்பட்டுச் சொன்னீங்க?"

"நீதானே அவரைப் பிடிச்சே?"

"பிடிச்சேன். டாக்டரம்மா சொன்னதைக் கேக்கறதுக்கு முந்தி." அவள் குரலை உயர்த்தவில்லை. "மூணு மணிக்கொரு தடவை கடிகாரம் பாத்து எழுந்திரிக்கிற ஆளா நீங்க? அலாரம் அடிச்சா அதை அணைக்கிறதே நான்தான். பிரஷர் மாத்திரையை இந்த மாசம் எத்தனை நாள் முழுங்கினீங்க?"

பதினோரு நாள். அது இரண்டு பேருக்குமே தெரியும். அந்தக் கோபத்தை வேறு எங்கே காட்டுவது? டாக்டரம்மாவைத் திட்டினார், நர்ஸைத் திட்டினார், கடைசியில் காலையிலிருந்து மறைத்து வைத்திருந்ததும் வெளியே வந்துவிட்டது. பையைக் கட்டிப் பார்த்ததையும் அது பிய்ந்ததையும் சொன்னார். ஆமா சார் என்று அந்தப் பெண்மணி சொன்னதையும் சொன்னார். சொல்லச் சொல்ல முகம் சிவந்தது.

"கார்ல யார் யார் பக்கத்துலயோ உக்காந்து பொழைக்கிறவன் நான். சரி, அது கூடப் போகட்டும். நீ? ஆயுசுக்கும் மூத்திரப் பையைக் கட்டிக்கிட்டு நான் பக்கத்துல படுத்தா, உனக்கு எப்படி இருக்கும்? நீ வாயால சொல்ல மாட்டே. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பே. அதைத் தாங்க என்னால ஆகாது."

அவள் உடனே மறுக்கவில்லை. மறுப்பாள் என்று அவர் நினைத்திருந்தார். கண்ணாடி ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது. இப்போதே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு" என்றாள். "அருவருப்பா இருந்துடுமோன்னு. அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றது? புது சிறுநீர்ப்பையே வச்சுக்கட்டும்னுதான் நானும் நெனச்சேன்."

எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். சட்டையின் ஓரத்தைத் தூக்கினாள். தொப்புளுக்கு வலது பக்கம், நர்ஸ் அவர் வயிற்றில் புள்ளி வைத்த அதே இடத்தில், அவள் வயிற்றில் ஒரு பை ஒட்டியிருந்தது. முக்கால்வாசித் தண்ணீர்.

"நீங்க வெளியே போனப்புறம் நர்ஸ்கிட்ட நானும் ஒண்ணு கேட்டு வாங்கினேன். காலைல மூணரைக்கு ஒட்டினது. நாள் பூரா ரொட்டித் தட்டை வயித்துல முட்டுக் கொடுத்துத்தான் தூக்கினேன். ரெண்டு தடவை பைக்கு அடியில இருக்கிற குழாயைத் திறந்து தண்ணியை மாத்தினேன். வர்ற வழியில டாக்டரம்மாவோட நர்ஸைப் பாத்து, கார்ல பெல்ட் போட்டா என்ன ஆகும்னும் கேட்டுட்டு வந்தேன். புள்ளி வச்ச எடத்துல ஒட்டினா பெல்ட் அதுக்குக் கீழதான் போகுமாம்."

அடுத்தமாசம் கணக்குப் போட்டார். பதினாலு மணி நேரம். எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறாள், அவருக்கே தெரியவில்லை. கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். பை அவள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"எடுத்துடு" என்றார்.

"இருக்கட்டும். ராத்திரி இதோட படுத்துப் பாக்கணும். பாதி நாள் இது இருக்கறதே எனக்கு மறந்துபோச்சு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். முதலில் கண்ணாடி ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். இனிமையான குரல் காரணம் கேட்டது. வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம் என்றார். பிறகு பொது ஆஸ்பத்திரி. மணி ஆறாகிவிட்டதே, யாரும் எடுக்க மாட்டார்களோ என்று பதறினார். ஏழாவது தடவை மணி அடித்தபோது நர்ஸ் எடுத்தாள். பையா, புது சிறுநீர்ப்பையா என்று கேட்டாள்.

"பைதான்" என்றார். "டாக்டரம்மாவே பண்ணட்டும். சீக்கிரமா எந்தத் தேதி இருக்குன்னு பாருங்க."

நர்ஸ் தேதி பார்க்கப் போன நேரத்தில், அவர் மனைவியைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.