கேப்டன் சிவபிரகாஷ் இறங்கியிருக்கக் கூடாது

1

இந்தக் கதை எனக்குத் திருமயம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பிளெக்ஸ் போர்டிலிருந்து கிடைத்தது. ‘புயலை வென்ற எங்கள் கேப்டன் சிவபிரகாஷ்’ என்று கொட்டை எழுத்து. பின்னால் விமானம், அதற்கும் பின்னால் கோட்டை, ஓரத்தில் ஒரு சிங்கம்.

(சிங்கம் எதற்கு என்று போர்டு வைத்த ரத்தினவேலிடம் கேட்டேன். “டிசைன்லயே இருந்துச்சுங்க” என்றார். அவர் கேப்டனின் தாய்மாமன்.)

அன்றைக்கு அந்தக் கேப்டனை அவருடைய கம்பெனி பறக்க விடாமல் நிறுத்தி வைத்திருந்தது. எழுதாமல் விடுவேனா?

2

முதல் தொடக்கம்: ‘மின்னல் வானத்தைக் கிழித்த அந்த மாலையில் கேப்டனின் நெஞ்சுக்குள்…’

வேண்டாம். அவர் நெஞ்சுக்குள் நான் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சித்திரை மாதக் கோடைமழை. குவைத்திலிருந்து திருச்சிக்கு வந்த விமானம். மகள் கல்யாணத்துக்காக ரத்தினவேலும் அதில் வந்துகொண்டிருந்தார். முதல் தடவை இறங்கப்போனபோது காற்று தூக்கியடித்தது. கேப்டன் மறுபடி மேலே ஏற்றினார். இரண்டாம் தடவை ஓடுபாதை தெரிந்தது. ஆனால் விமானம் இருக்க வேண்டியதைவிட உயரத்தில், வேகமாக வந்தது.

“சார், கோ-அரவுண்ட்” என்றார் துணை விமானி சரண்யா. இறங்காதீர்கள், மேலே போங்கள் என்று அர்த்தம். மதுரையில் மழை இல்லை. அங்கே போக எரிபொருளும் இருந்தது.

கேப்டன் இறக்கினார். ஓடுபாதை முடிய இன்னும் கொஞ்ச தூரம்தான் என்கிற இடத்தில் விமானம் நின்றது. உள்ளே ஒரே கைதட்டல்.

3

விசாரணை முடிந்து தீர்ப்பு வந்தது: மூன்று மாதம் பறக்கத் தடை, அப்புறம் மறுபயிற்சி. நான் கேப்டன் வீட்டுக்குப் போயிருந்தபோது ரத்தினவேல் அங்கே கொதித்துக்கொண்டிருந்தார்.

“இத்தன உசுரக் காப்பாத்துனவனுக்குத் தண்டனையாங்க?”

“காப்பாத்தல மாமா, தப்பிச்சோம். அந்தப் பொண்ணு சொன்னாங்க, நான் கேக்கல. மொதல்ல அந்த போர்ட எடுங்க.”

“நான் கல்யாணத்துக்கு வந்து சேரணும்னுதான மாப்ள எறக்குன?”

இங்கே என் பேனா துள்ளியது. பாசமா கடமையா என்று இரண்டு பத்தி ஓட்டியும் விட்டேன். கேப்டன் கெடுத்துவிட்டார்.

“நீங்க உள்ள இருந்ததே எறங்குனப்பறம்தான் எனக்குத் தெரியும். ரன்வே தெரிஞ்சுச்சு. எறக்கிரலாம்னு தோணுச்சு. அம்புட்டுத்தான் மாமா.”

ரத்தினவேல் முகம் விழுந்துவிட்டது. மறுநாள் அவரே போய் போர்டை அவிழ்த்தார். அந்த இரண்டு பத்தியை நானும் அடித்தேன்.

4

ஒரு முடிவு: வேலையை விட்டுவிட்டு ஊரோடு… (இல்லை. அவருக்குப் பறக்கத்தான் பிடிக்கும்.)

இன்னொன்று நிஜமாகவே நடந்தது. அவர் சரண்யாவுக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டார். “நானும் ஒரு தடவ சொல்லிட்டு விட்டுட்டேன் சார். கத்தியிருக்கணும்” என்றாராம் சரண்யா. இதோடு முடித்திருக்கலாம். ஆனால் நான் ஒரு கேள்வி கேட்டுத் தொலைத்தேன்.

“மறுபடி அப்படி வந்தா எறக்குவீங்களா?”

“மாட்டேன்னு இங்க ஒக்காந்து சொல்லிருவேங்க. மேல போனாத்தான் தெரியும்.”

ஐப்பசியில் அவர் திரும்பவும் பறக்கிறார். அடைமழைக் காலம். அவர் ஓட்டும் விமானத்தில் நீங்களும் வரலாம். திருச்சி வாசலில் உங்கள் வீட்டார் நனைந்துகொண்டு நிற்கலாம். ‘இங்கே இறங்க முடியவில்லை, மதுரைக்குப் போகிறோம்’ என்று அவர் குரல் கேட்கிறது. மதுரையில் கதவு திறக்கும்போது அவர் அங்கேயே நிற்கிறார். அவரிடம் என்ன சொல்வீர்கள்?

அந்த வரியை நீங்கள்தான் எழுத வேண்டும். நான் எழுதினால், கூசாமல் ‘நன்றி’ என்று எழுதிவிடுவேன்.