பிரிக்காத ஜாம்

எங்கள் தெருவில் வெளிநாட்டுச் சாமானை யாரும் பிரித்துத் தின்பதில்லை. பத்திரமாக வைத்திருந்து, வேண்டிய வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். வாங்கியவர்களும் அதையேதான் செய்வார்கள். இந்தப் பெருமைதான் எனக்கு எமனாக வந்தது.

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் தோல் கம்பெனிக்கு வருஷம் ஒருமுறை இத்தாலிக்காரர் ஒருவர் வருவார். அவருடைய அம்மா காய்ச்சிய ஸ்ட்ராபெரி ஜாம் எங்களுக்கு ஆளுக்கொரு பாட்டில் கிடைக்கும். காலியான பழைய பாட்டில்களில் கலர் மாஸ்டர் ஷபீ அஹமது தோலுக்கு அடிக்கும் கூழ் போன்ற சாயத்தை ஊற்றி வைப்பார். லேபிளைக்கூடக் கிழிக்க மாட்டார், சோம்பேறி. வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனி அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து பக்கத்து வீட்டு வஜீதாவுக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் மாஸ்டர் போன் செய்தார்.

"மெர்சி, செவப்பு சாம்பிள் காணோம்மா. உனக்குன்னு வச்ச ஜாம் அப்டியே இருக்கு. மாத்தி எடுத்துட்டியா? அது விஷம்மா, யாரும் வாயில வச்சிடப் போறாங்க."

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். வஜீதாவிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். விஷம் கொடுத்தவள் என்று தெருவே பேசுமே என்று பயந்து புளுகினேன்.

"அது மொதலாளிக்குன்னு வச்ச ஸ்பெஷல் ஜாம்க்கா. மாத்திக் குடுத்துட்டேன், திருப்பித் தரணும்."

"அய்யோ, நேத்தே கமலத்துக்குக் குடுத்துட்டேனே! இரு, போன் பண்ணிச் சொல்றேன்" என்றாள் வஜீதா.

கமலம் வீடு இரண்டு தெரு தள்ளி. நான் போவதற்குள் அவள் வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"அது கீழ விழுந்து ஒடஞ்சிடுச்சி மெர்சி. பெருக்கிக் கொட்டிட்டேன்."

"யாராவது சாப்ட்டீங்களாக்கா?"

"ஒரு சொட்டுகூட இல்ல."

அப்பாடா என்றிருந்தது. அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். ஆனால் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அதைக் கவனித்தும் உட்கார்ந்து டீ குடித்தேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவள் போன் அடித்தது. நெமிலியில் இருக்கும் மருமகன் புகழேந்தி. அவள் மகள் நிஷாவுக்கு இது நான்காம் மாதம். கமலம் சமையல்கட்டுக்குப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அந்தச் சின்ன வீட்டில் எல்லாம் கேட்டது.

"காலைலேர்ந்து வாந்தியா மாப்ள? மாசமா இருந்தா அப்டித்தான், பயப்படாதீங்க... மருந்து வாசனையா? வெளிநாட்டு ஜாம்னா அப்டித்தான் இருக்கும். நேத்து நீங்க எடுத்துட்டுப் போனத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, திருப்பிக் கேக்கறாங்க... இன்னும் ரெண்டு ஸ்பூன் குடுங்க, வாய்க்கு நல்லாருக்கும்."

டம்ளரைப் போட்டுவிட்டுப் பாய்ந்து போனைப் பிடுங்கினேன்.

"புகழேந்தி, அது ஜாம் இல்ல, தோல் சாயம்! நிஷாவ ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு!"

அந்தப் பக்கம் அவன் "நிஷா, ஏய் நிஷா, கண்ணத் தொற" என்று கத்துவது மட்டும் கேட்டது.

கமலம் இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"மொதல்லயே ஏன்டி சொல்லல?" என்றாள்.