எருக்கு வெட்டுக்கிளியின் நிறம்

பூங்கோதை விருத்தாசலத்தில் செராமிக் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறவள். அவள் வளர்த்த கோழிக்குஞ்சுகளைப் பருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்த நாட்களில்தான் வேலியோர எருக்கஞ்செடியில், மஞ்சளும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி பட்டப்பகலில் பயமில்லாமல் மேய்வதைப் பார்த்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த காகம் அதைத் தொடவில்லை.

"எருக்க எலயத் தின்னு அதோட ஒடம்பெல்லாம் வெஷம். என்னைத் தொடாதன்னு சொல்றதுக்குத்தான் அந்த நெறம்," என்றான் அவள் கணவன் திருமால்.

மறுநாள் பெயின்ட் கொண்டுவந்து, மிஞ்சிய குஞ்சுகளுக்கு அதே மஞ்சளையும் நீலத்தையும் பூசினாள். தாழ இறங்கிய பருந்து சட்டென்று விலகிப் பறந்தது. பூங்கோதை கைகொட்டிச் சிரித்தாள்.

ஆனால் தாய்க்கோழியும் குஞ்சுகளை அண்டவிடவில்லை. கொத்தி விரட்டிவிட்டுக் கூரைமேல் ஏறி அலறியது. வீட்டு நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடியது. குஞ்சுகள் சத்தமே போடாமல் வாசல் நடுவில் நின்றன.

"பாவம், கூடையில எடுத்துப் போட்டு வூட்டுக்குள்ள வையி," என்றான் திருமால்.

பூங்கோதை குனிந்தாள். குஞ்சுகள் எல்லாம் ஒரே சமயத்தில் தலைதூக்கி அவளைப் பார்த்தன. நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது.

"ஏங்க, நீங்க எடுங்க."

திருமாலும் படியைவிட்டு இறங்கவில்லை. இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே ஒரு கீச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.