அட்டைக் கட்டில் ஒரு கோடு

மகள் எடுத்துக் கொடுக்கும்போதே அட்டைக் கட்டின் ரப்பர் பேண்ட் அறுந்தது. துளையிட்ட அட்டைகள் கூடமெங்கும் சிதறின. சில, விடியற்காலையில் இறந்துபோன அம்மாவைக் கிடத்தியிருந்த கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தன.

“ஐயையோ!” என்று பதறினார் அருங்காட்சியக அதிகாரி. நாளை அம்மாவின் பெயரில் கண்காட்சி திறக்கிறது. கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வானாய்வகத்தில், நட்சத்திரக் கணக்கை முதன்முதலில் கம்ப்யூட்டரில் ஓட்டியவள் அவள். ஓட்டியது, கணக்கை வரிவரியாகத் துளைகளில் பதித்த இந்த அட்டைகளை வரிசை மாறாமல் செலுத்தித்தான்.

“பரவாயில்லம்மா, எப்படியாவது அடுக்கிக் குடுங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ளதானே இருக்கப்போகுது, வரிசையை யாரு பாக்கப்போறா?”

“அம்மா பாப்பாங்க,” என்றாள் மகள். சொன்ன பிறகுதான் உறைத்தது.

கட்டின் மேல்விளிம்பில் அம்மா மூலைக்கு மூலை சிவப்புக் கோடு இழுத்து வைத்திருந்தாள். கட்டு கலைந்தால் ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சிவப்புப் புள்ளிதான் மிஞ்சும். புள்ளிகளை ஒட்டி அடுக்கினால் கோடு திரும்பி வந்துவிடும். ‘ஒரு அட்டை குறைஞ்சாலும் மொத்தக் கணக்கும் படுத்துடும்’ என்பாள். மகளைக் கடையில் மறந்துவிட்டு வந்தாலும் வருவாள், அட்டையை மறக்கமாட்டாள் என்று அப்பா கேலி செய்வார். கேலிதான். ஆனால் ஒருமுறை மகளை மறந்துவிட்டும் வந்திருக்கிறாள்.

அதிகாரி வாசலில் காத்திருந்தார். அக்கம்பக்கத்தார் தலைகாட்டிவிட்டுப் போயாயிற்று. கட்டிலருகே சம்மணமிட்டு மகள் அடுக்கிக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் வானாய்வகத்திலும் பகலெல்லாம் தூக்கத்திலும் இருந்தவளோடு இவ்வளவு நேரம் தனியாக உட்கார்ந்ததே இல்லை.

“இப்பவும் உன் வேலையைத்தாம்மா பாத்துட்டிருக்கேன்.”

கோபம்தான் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

“ஆச்சாம்மா?” அதிகாரி எட்டிப் பார்த்தார். “அம்மாவைக் கொண்டுபோற வண்டி வந்துடுச்சு.”

“இதோ ஆச்சு.”

கோடு முழுதாக வந்திருந்தது. அதை விரலால் ஒருமுறை தடவினாள். அவர் தலை மறைந்ததும் நடுவிலிருந்து ஓர் அட்டையை உருவிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கோடு அப்படியேதான் தெரிந்தது.

“எல்லாம் இருக்கில்ல?” உள்ளே வந்து புது நாடாவால் கட்டியபடி கேட்டார் அதிகாரி.

“இருக்கு சார்.”

கட்டை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அவர் மெதுவாகப் படியிறங்கினார். பின்னாலேயே அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மகள் வீட்டைப் பூட்டிவிட்டு வண்டியில் ஏறி, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.