சிரிச்சிட்டு எழுந்திரிங்க

என் தம்பி ஹென்றி டிவி சீரியலில் செத்துப்போவதில் கெட்டிக்காரன். மாரடைப்பு, லாரி, மருமகள் கொடுத்த விஷக் காபி, எதுவானாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். செத்த பிறகும் சும்மா விடமாட்டார்கள். அந்த வீட்டுச் சுவரில் மாலை போட்ட படமாக மாதக்கணக்கில் தொங்குவான்.

சாந்தோமில் எங்கள் வீட்டு சோபாவில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருப்பான். நான் டிவியில் அவன் பிணத்தைப் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டியே ஓய்வு பெற்றவள் நான். இந்த விஷயத்தில் மட்டும் எனக்கு வெட்கமே கிடையாது.

"அக்கா, நான் இங்க இருக்கேன். அங்க பாத்து ஏன் அழுவுற?"

"நீ வாயை மூடிக்கிட்டுத் தின்னு."

எங்களுக்கு மீன் கொண்டுவரும் குப்பம்மா ஒருமுறை அப்படி ஒரு சீரியலைப் பார்த்துவிட்டு, நிஜமென்றே நம்பி மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கதவைத் திறந்தது ஹென்றி. அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கூடையிலிருந்த வஞ்சிரத்தை அவன் மேல் எறியாததுதான் பாக்கி.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அப்படியே எழுந்துபோக விடமாட்டார்கள். கட் சொன்னதும் கேமராவை மறுபடி ஓடவிட்டு, "சிரிச்சிட்டு எழுந்திரிங்க சார்" என்பார் டைரக்டர். சிரித்தால்தான் தோஷம் கழியுமாம். ஹென்றி ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். ஆனாலும் சிரிக்காமல் ஒருநாளும் எழுந்ததில்லை. "ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாருக்கா" என்பான்.

போன வருஷம் மஞ்சள் காமாலை வந்து நிஜமாகவே போய்விட்டான். பெட்டியில் வைத்தபோது, யாராவது "சிரிச்சிட்டு எழுந்திரிங்க" என்று சொல்ல மாட்டார்களா எனப் பைத்தியக்காரி மாதிரி நின்றேன். யாரும் சொல்லவில்லை. அந்த இறுகிய முகமே என் கண்ணில் தங்கிவிட்டது. அவன் சிரித்தால் எப்படி இருப்பான் என்பது வரவர மறந்துகொண்டே போனது. எனக்குப் பயமாக இருந்தது.

வருஷப் பூசை நெருங்கியது. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு அட்டையில் போட ஒரு படம் வேண்டும். அவன் மனைவி டெல்பின் எடுத்துக் காட்டியதெல்லாம் சீரியல் படங்கள்: முறைக்கிற மாமனார், ஒட்டுமீசை வைத்த ஜமீன்தார். வீட்டுப் படங்களில் அவனுக்குச் சிரிப்பே கிடையாது. தெத்துப்பல் தெரியும் என்று வாயை இறுக்கி மூடிக்கொள்வான்.

"இந்த மாமனாரையே போட்டுடலாம் அண்ணி."

"அது யாரோ ஒரு ஆளு. என் தம்பி இல்ல," என்று கத்திவிட்டு, ஆட்டோ பிடித்து ஈக்காட்டுத்தாங்கல் போனேன். அவன் நடித்த சீரியல்களை எடிட் செய்யும் யாசிருக்கு அங்கேதான் ஆபீஸ்.

பிணமாக நடித்துவிட்டு அவன் சிரித்த ஷாட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதும் யாசிர் தலையைச் சொறிந்தான். "வேண்டாத ஷாட்டையெல்லாம் அழிச்சிடுவோம் மேடம். ஆனா இந்தச் சிரிப்பு ஷாட்ட மட்டும் எவனும் தொடமாட்டான். அழிச்சா ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஆகாதுன்னு ஒரு பயம். சார் போனப்புறமும் எனக்குக் கை வரல."

போட்டுக் காட்டினான். பாடையில் கிடந்த ஹென்றி எழுந்து உட்கார்ந்து சிரித்தான். லாரி அடித்து ரத்தமாகக் கிடந்தவன் சிரித்தான். அடுத்ததில் மூக்கில் பஞ்சு, கழுத்தில் மாலை. அவன் சிரித்த சிரிப்பில் பஞ்சு ஒன்று தெறித்து விழுந்தது. தெத்துப்பல் முழுசாகத் தெரிந்தது. அப்புறம் கேமராவைப் பார்த்து, "ஐரின் அக்கா, நீ இதையும் பாத்து அழுவ, எனக்குத் தெரியும். நான் நல்லாத்தான் இருக்கேன். போய் சோறு போட்டு வை," என்றான்.

அழுதேன். திரையைப் பார்த்து "போடா" என்று திட்டினேன். யாசிர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். மறுபடி மறுபடி போடச் சொன்னேன். என் தம்பி முகம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

அந்தப் படத்தையே அட்டையில் போட்டோம், பஞ்சை மட்டும் எடுத்துவிட்டு. மாலை தெரிகிறதே என்று டெல்பின் முதலில் தயங்கினாள். அப்புறம் அவளே, "இருக்கட்டும் அண்ணி, நல்லா சிரிக்கிறாரு," என்றாள்.

பூசை முடிந்த மறுநாள், மீனோடு வந்த குப்பம்மாவிடம் ஒரு அட்டையைக் கொடுத்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னாக்கா, மாலையப் போட்டுக்கினு இப்டி சிரிக்கிறாரு? இந்தவாட்டியும் எயுந்து வந்து கதவத் தொறப்பாரா?"

"தொறப்பான் குப்பம்மா. நீ திட்டறதுக்குத் தயாரா இரு."