மூன்றாவது பாட்டில் டிரம்ஸ்

ஹெவி மெட்டல் வாசிப்பவர்கள் எல்லாம் முரட்டு ஆசாமிகள் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. நம் கிட்டார்காரரைப் பார்த்தால் தெரியும் லட்சணம். மேடையில் ஏறினால் சிங்கம்; வீட்டு மனிதரிடம் ஒரு உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

அவர் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பது அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. பகலில் லிஃப்ட் மெக்கானிக். குழுவின் முதல் ஆல்பத்தில் மொத்தம் எட்டுப் பாட்டு. ஏழு பாட்டை வெளுத்து வாங்கிவிட்டான். மூன்றாவதுதான் படுத்தி எடுத்தது. இரண்டு காலாலும் இரண்டு பெடலை மாற்றி மாற்றி, மூச்சுவிடாமல் மிதிக்க வேண்டும். எத்தனை தடவை பதிவு செய்தாலும் பாதியில் கால் பின்னிக்கொண்டது. கடைசித் தடவை எப்படியோ தட்டுத்தடுமாறி முடித்துவிட்டு அவன் சோர்ந்துபோய் வேலைக்குக் கிளம்பியதும் ஒலிப்பதிவாளர் நாற்காலியைத் திருப்பினார்.

"கம்ப்யூட்டர்லயே போட்டுடறேன் சார். அவர் டிரம்ஸ் சத்தத்தையே எடுத்து அடுக்கிட்டா அவருக்கே தெரியாது."

கிட்டார்காரர் வேண்டாமென்று சொல்லவில்லை. சொல்லாத அந்த வாயைப் பிற்பாடு அவரே எவ்வளவு திட்டினார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பாட்டைக் கேட்டதும் மச்சினனுக்குக் கண் அகல விரிந்தது. "மாமா, நானா இது?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரனா? நீதான்டா, கடைசியா அடிச்சதுதான்!"

ஆல்பம் வெளிவந்தது. கேட்டவர்களெல்லாம் மூன்றாவது பாட்டைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பயலுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதை மேடையில் வாசிக்க ஒத்திகைக்கு உட்கார்ந்தபோதுதான் வந்தது வினை. ஹெட்போனில் ஆல்பத்தை ஓடவிட்டு, அதில் வாசிக்கும் தன்னையே துரத்தித் துரத்திப் பார்த்தான். எட்டவே இல்லை.

"அன்னைக்கு வந்தது இப்ப ஏன் மாமா வரமாட்டேங்குது?"

"ரெஸ்ட் எடு, சரியாப் போயிடும்" என்று மழுப்பினார் இவர்.

ஒரு காலை, மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். "தம்பி நரம்பு டாக்டரைப் பாக்கப் போயிருக்கான். அப்பாவுக்கும் இப்படிக் கால்லதானே ஆரம்பிச்சுது?"

மாமனார் கடைசியில் கரண்டி பிடிக்கக்கூட முடியாமல் படுத்த படுக்கையாய்க் கிடந்து போனவர். அடப்பாவி, ஒரு பாட்டுக்காக நல்லா இருக்கிறவனை நோயாளி ஆக்கிட்டோமே! கிட்டார்காரர் சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினார்.

மருத்துவமனை வராந்தாவில் மச்சினன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கால்விரல்களை ஒவ்வொன்றாய் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுந்திரு. உனக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பாட்டுல அடிச்சது நீ இல்ல, கம்ப்யூட்டர். உன்கிட்ட மறைச்சுட்டேன்டா."

அவன் பேந்தப் பேந்த விழித்தான். "அப்ப... அப்பாவோட வியாதி எனக்கு இல்லையா?"

"இல்லடா!"

கன்னத்தில் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தார். அவனோ இவரைக் கட்டிக்கொண்டு, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாமல் குலுங்கினான். அக்காவுக்குப் போன் போட்டு, "எனக்கு ஒண்ணுமில்லக்கா, அழாத" என்றான். கிட்டார்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஷூவுக்குள் காலை நுழைக்கும்போதுதான் அவன் கை நின்றது.

"மத்த பாட்டெல்லாம்?"

"மத்த ஏழும் நீதான்டா. சத்தியமா. ஒரு அடியைக்கூட யாரும் தொடல."

அது கலப்படமில்லாத உண்மை. மச்சினன் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தான். கோபம் இல்லை; இருந்திருந்தாலாவது தேவலை.

"சரி மாமா, நீங்க சொன்னா சரிதான்" என்றான், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

கிட்டார்காரர் விடவில்லை. முதல் பாட்டில் அவன் எந்த இடத்தில் வேகம் கூட்டினான், ஐந்தாவதில் குச்சி உடைந்தும் எப்படி நிறுத்தாமல் அடித்தான் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்ல ஆரம்பித்தார். அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே 'ம்' போட்டுக்கொண்டிருந்தான்.